பத்து விரல்காரர் மகள்

ரிசல்ட் வந்தபோது நான் ஓர் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில், பழுதான சாமான்களைத் திருப்பி வாங்கும் கவுண்டரில் எனக்கு வேலை. திருப்பி வாங்கும் கவுண்டர் என்று பெயர்தானே தவிர, வாங்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வாரண்டி முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி சொல்ல வேண்டும். அதில் எனக்கு நல்ல பெயர்.

போன் அதிர்ந்தது. மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ஐந்து பாடம், ஐந்திலும் பெயில். ஒன்றில்கூட முப்பதைத் தொடவில்லை. கணக்கிலும்கூட. வேறு யாருடைய பிள்ளையின் மார்க்கையோ மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து நம்பரைச் சரிபார்த்தேன். எங்கள் நம்பர்தான். எதிரே நின்றவர் இன்னும் இஸ்திரிப் பெட்டியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாரண்டி எப்போதோ காலாவதியான பெட்டி. நான் பேசாமல் ஒரு புதுப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். மனிதர் திகைத்துப்போய், நான் மனம் மாறுவதற்குள் ஓட்டமாக ஓடினார். மேலாளர் பிறகு கேட்டதற்குக் கைதவறிவிட்டது என்றேன்.

என் மகளுக்குப் பதினெட்டு வயது. ஆட்டிசம். பள்ளியில் இரண்டு முறை அதே வகுப்பில் உட்கார வைத்ததால், பதினாறில் எழுத வேண்டிய பொதுத்தேர்வை இப்போது எழுதினாள். பேச்செல்லாம் புத்தகத் தமிழ். "அம்மா, தேநீர் ஆறிவிட்டது" என்பாள். செய்தி வாசிப்பது போலப் பேசுகிறாள் என்று என் தம்பி அவளுக்கு நியூஸ் என்றே பெயர் வைத்துவிட்டான். நியூஸ், இன்னைக்கு என்ன நியூஸ் என்று அவன் கேட்டால், காலையில் இருந்து நடந்த அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லுவாள். கேட்டது தப்பாகிப்போய் அவன் முழிப்பான்.

அவளுக்கு வரைதல் என்றால் உயிர். பூ, மலை, முகம் எதுவும் கிடையாது. போல்ட், நட்டு, பல்சக்கரம். அவள் அப்பா வேலை செய்யும் பட்டறையில் இருந்து பழைய இயந்திரக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பார்த்து வரையத் தொடங்கியவள், பிறகு பார்க்காமலே வரைந்தாள். தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திர வரைபடம் சொல்லித்தரும் பிரிவு ஒன்று இருக்கிறது. அதன் துறைத்தலைவரிடம் ஒரு கட்டுப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பாஸ் மட்டும் பண்ணிட்டு வரட்டும். மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். சேருவதற்கு வயது வரம்பு பதினெட்டு. இந்த வருடம் விட்டால் முடிந்தது.

வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் தலைகால் புரியாமல் ஆடினோம். இவள் வேலைக்குப் போவாள், மேசையில் உட்கார்ந்து வரைவாள், எங்களுக்குப் பிறகும் இவளுக்கு ஒரு பிழைப்பு இருக்கும். வேறென்ன வேண்டும்? எங்கள் கவலையெல்லாம் பரீட்சை எழுதுவதைப் பற்றி இல்லை, நிறுத்துவதைப் பற்றித்தான். எழுத ஆரம்பித்தால் அவளுக்கு நிறுத்த வராது. மாதிரித் தேர்வில் நேரம் முடிந்து டீச்சர் தாளைப் பிடுங்கியதும், தன் கையையே கடித்துக்கொண்டு மேசையைத் தள்ளிவிட்டாள். பொதுத்தேர்வில் இப்படி நடந்தால் ஹாலை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள், அவ்வளவு தாளும் செல்லாது என்று பள்ளியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

இதை என் வீட்டுக்காரர் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகடு அடிக்கும் பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறார். ஒரு யானை கனத்துக்கு இரும்பு இறங்கித் தகட்டை வெட்டி வளைக்கும் இயந்திரம் அது. இறங்குவதற்கு முன்னால் ஒரு மணி அடிக்கும். மணி அடித்தால் கை வெளியே. தகடு கோணலாக இருந்தாலும் சரி, பாதியில் இருந்தாலும் சரி, அதற்கு மேல் தொடக்கூடாது. அந்தப் பட்டறை ஆட்களின் கிண்டலே தனி. ஒருவருக்கொருவர் மிச்சமிருக்கும் விரல்களை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இவர் பெயர் பத்து விரல். அந்த வயதில் பத்தும் இருப்பது அங்கே ஒரு பட்டம்.

பரீட்சை நடக்கப்போகும் பள்ளிக்கே போய், காவலாளிக்கு டீ வாங்கிக் கொடுத்து, மணியை அடிக்கச் சொல்லிப் போனில் பிடித்துக்கொண்டு வந்தார். அதே சத்தம் காதில் பழக வேண்டுமாம். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் சமையலறை மேசையில் அவளை உட்கார வைப்பார். கேள்வித்தாள், பேனா, தண்ணீர் பாட்டில். அரைமணி நேரத்துக்கு மணி வைப்பார். அது அடித்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கையை மடியில் போட வேண்டும். நான் அடுப்படியில் நின்று காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பேன். நடக்கவில்லை. வாரக்கணக்கில் நடக்கவில்லை. மணி அடிக்கும், அவள் எழுதிக்கொண்டிருப்பாள். இவர் பேனாவைத் தொட்டால் வீடு இரண்டுபடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வேலை செய்பவர் ஒருவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டறையில் அவர் பெயர் ஆறரை. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. சாதுவான மனுஷன். டீயை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, விரல் போன கையை மேசைமேல் வைத்தார். என் மகள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"தொட்டுப் பாரு கண்ணு," என்றார் ஆறரை. "மணி அடிச்சுது. இன்னும் கொஞ்சம் சரி பண்ணிட்டு எடுத்துக்கலாம்னு நெனச்சேன். ஒரே ஒரு தரம்தான்."

"மணி அடித்த பிறகு கையை எடுக்கவில்லையா?"

"எடுக்கலை."

மறுநாள் சமையலறையில் மணி அடித்ததும் அவள் கையில் இருந்த பேனா மேசையில் விழுந்தது. எழுத்து பாதியில் நின்றது. இரண்டு கையும் மடியில். இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் ஆறரை இருக்கும் திசைக்கே கும்பிடு போட்டோம். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவள் தவறவில்லை.

பரீட்சை நாட்களில் நானும் இவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பள்ளியின் கேட்டுக்கு எதிரில் நிற்போம். எந்த ரகளையும் இல்லை. வெளியே வந்ததும் இரண்டு கையையும் விரித்து எங்களிடம் காட்டுவாள். "பத்தும் இருக்கின்றன" என்பாள். அப்பாவின் பட்டறைப் பெயரை வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தோம். இவர் அவள் கையைப் பிடித்து விரலை எண்ணுவார். ஐந்து பரீட்சைக்கும் இதே கூத்துதான். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம்.

அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் இந்த மார்க்.

ரிசல்ட் வந்த மறுநாள் இவர் பட்டறைக்குப் போகவில்லை. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தாளைத் திருத்தியவனை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று கிளம்பினார். திருத்துகிறவர் யார், எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? தெரிந்த இடம் பரீட்சை நடந்த பள்ளி ஒன்றுதான். அங்கேயே போனோம். லீவு நாள், வராந்தாவில் பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, அவள் ஹாலில் இருந்த டீச்சர் ஏதோ வேலையாக வந்திருந்தார். இவர் போட்ட சத்தத்துக்கு அந்த அம்மா கோபப்படவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டார். பிள்ளையை நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார்.

"தங்கமான பொண்ணுங்க. மடமடன்னு எழுதுவா. முதல் ஒரு மணி நேரம் முடிஞ்சு மணி அடிச்சதும் பேனாவை வச்சிட்டு, கையை மடியில போட்டுக்கிட்டு, கடைசி வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பா. ஒருநாள்கூட எந்தத் தொந்தரவும் இல்லை."

நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. வராந்தாவில் அடுக்கியிருந்த பெஞ்சுகளைப் பார்த்தேன்.

"மிச்ச நேரம்?" என்று இவர் கேட்டார்.

"தெரிஞ்சவரைக்கும் எழுதிட்டாள்னு நெனச்சேன். நீங்க எழுதிக் குடுத்திருந்தீங்களே, பேசக் கூடாது, தொடக் கூடாது, பதறிடுவாள்னு. அதான் நான் கிட்டவே போகலை."

அதை எழுதிக் கொடுத்ததும் இவர்தான். அந்த அம்மா மேலே எந்தத் தப்பும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கவுண்டருக்கு வருகிறவர்கள் ஏன் அப்படிக் கத்துகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவர்களுக்குச் சாமான் முக்கியமில்லை. யார்மேலாவது தப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நான் வாயை விட்டுவிட்டேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அது தெரியும்.

"பரீட்சையில ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மணி அடிப்பாங்கன்னு ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாதா?"

"நான் பரீட்சை எழுதினதில்லையே," என்றார்.

அவர் ஏழாவதோடு நின்றவர். பன்னிரண்டு வயதில் பட்டறைக்குப் போனவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே மணி. ஆனால் நான் எழுதியிருக்கிறேன். அதே பொதுத்தேர்வு, அதே மூன்று மணி நேரம், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு மணி. வாரக்கணக்காக அந்தச் சமையலறையில்தான் நானும் நின்றேன், காய் நறுக்கிக்கொண்டு. கடைசி மணிக்குத்தானே சொல்லித் தருகிறார் என்று எண்ணினேனா, எதையுமே எண்ணவில்லையா, இப்போது யோசித்தால் தெரியவில்லை. நீயும்தானே இருந்தாய் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்போம். செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

மகள் மேசையில் ஏதோ பல்சக்கரத்துக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "நான் தேர்ச்சி பெற்றேனா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். என் கவுண்டர் குரல் அப்படியே வந்தது.

துறைத்தலைவரைப் போய்ப் பார்த்தோம். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் மறுதேர்வு இருக்கிறது, அதில் தேறிவிட்டால் இடத்தைப் பிடித்து வைக்கிறேன், அதற்குமேல் என்னால் முடியாது என்றார். இவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். முதல் மணி சும்மா, இரண்டாவது மணியும் சும்மா, மூன்றாவது மணிக்குத்தான் கை வெளியே. இதில் என்ன இருக்கிறது, இரண்டு நாளில் பழக்கிவிடலாம் என்றார். நானும் நம்பினேன். மூன்று வரை எண்ணத் தெரியாதவளா அவள்?

மறுபடியும் சமையலறை மேசை. இந்தத் தடவை நான் காய் நறுக்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இவர் பொறுமையாக விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள், அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். எழுத ஆரம்பித்தாள். மணி அடித்தது. பேனா விழுந்தது.

"எழுதும்மா. இது சும்மா மணி."

அவள் இவரை நிமிர்ந்து பார்த்தாள். யார் கண்ணையும் நேராகப் பார்க்காதவள் அன்றைக்குப் பார்த்தாள். இவர் பேனாவை எடுத்து அவள் கையில் வைத்து, மெதுவாக விரல்களை மூடினார். அவ்வளவுதான். அவள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "விரல் போய்விடும் அப்பா! மணி அடித்துவிட்டது! விரல் போய்விடும்!" நாற்காலி சரிந்தது. இரண்டு கையையும் அக்குளில் திணித்துக்கொண்டு சுவரோரம் போய் ஒடுங்கி உட்கார்ந்தாள். என்ன சொல்லியும் கையை வெளியே எடுக்கவில்லை.

கேட்டில் நின்று விரலைக் காட்டியது விளையாட்டில்லை. ஒவ்வொரு நாளும் விரலைக் காப்பாற்றிக்கொண்டு வந்து, கணக்குக் காட்டியிருக்கிறாள். நாங்கள் சிரித்திருக்கிறோம்.

ஆறரை மறுபடியும் வந்தார். பாவம், அந்த மனுஷன் தன் கையைக் காட்டி, இது பட்டறை மணி, அது பள்ளிக்கூட மணி, அங்கே இரும்பு இல்லை, தாள்தான் இருக்கிறது என்று கெஞ்சினார். அவள் அந்தக் கையையே பார்த்தாள். அவர் சொன்னதைவிட அந்தக் கை சொன்னதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. பள்ளியில் இருந்து ஒரு பயிற்சியாளரை அனுப்பினார்கள். மாற்றலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்தினால் எழுதுவதையே விட்டுவிடுவாள் என்றார். அவர் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாரண்டி முடிந்துவிட்டது என்பதை நானும் அப்படித்தான் சொல்வேன்.

நானே ஒருநாள் மேசைக்குப் போய்ப் போனில் இருந்த மணிச் சத்தத்தை அழித்தேன். இவர் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. அவள் மறுதேர்வு எழுதப்போவதில்லை என்று கல்லூரிக்கு நான்தான் போன் செய்தேன். துறைத்தலைவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். படங்களைத் திருப்பி வாங்கப் போனபோது, ஒன்றை மட்டும் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். என் மகள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு, "நான் எப்போது இங்கே வர வேண்டும்?" என்று கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டில் இருந்து இரண்டு பஸ் மாறினால், இவளைப் போன்றவர்களுக்கு ஒரு பகல்நேர மையம் இருக்கிறது. மருந்துக் கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டுகிறார்கள். சில வருடத்துக்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறோம். கெட்ட இடம் இல்லை. சுத்தமாக இருந்தது, அன்பாகப் பேசினார்கள், மூலையில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது. முடி நரைத்த ஒருவர் பை ஒட்டிக்கொண்டிருந்தார். எத்தனை வருடமாக இங்கே வருகிறார் என்று கேட்டோம். ஆரம்பித்த நாளில் இருந்தே என்றார்கள். வெளியே வந்ததும் இவர் சொன்னது: "என் உயிர் இருக்கறவரைக்கும் பாப்பாவை இங்க விட மாட்டேன்."

இப்போது அங்கேதான் அவளைச் சேர்த்தோம். அவரே அவள் பையைத் தூக்கிக்கொண்டார்.

முதல் நாள் கூடவே இருக்கலாம் என்றார்கள். சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பை மடிப்பதை அவளுக்கு ஒருமுறைதான் காட்டினார்கள். பிறகு அவள் மடித்த பைகளின் ஓரங்கள் ஸ்கேல் வைத்தது போல இருந்தன. பக்கத்தில் இருந்த அதே நரைத்தலைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் பையைப் பிரித்து மறுபடி மடித்தார். டிவியில் யாரோ சமைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் அதே நேரத்துக்கு முதல் வகுப்பு தொடங்கியிருக்கும் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

பதினோரு மணிக்கு டீ. பொறுப்பாளர் அம்மா ஒரு சின்னக் கைமணியை எடுத்து ஆட்டினார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் பசையைத் தடவிக்கொண்டே இருந்தார், ஒருவர் பாடிக்கொண்டே இருந்தார். என் மகள் கையில் இருந்த பை பாதி மடிப்பில் மேசையில் விழுந்தது. முதுகு நேரானது. இரண்டு கையும் மடிக்குப் போயின.

அந்த அம்மா பிரமித்துப்போய் நின்றார். பிறகு எங்களிடம் வந்து, உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார்: "இங்க வர்றவங்களுக்கு இதைப் பழக்கவே எங்களுக்கு வருஷக்கணக்குல ஆகும். யாருங்க பழக்கினது?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தாங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"ரொம்ப நல்லா பழக்கியிருக்கீங்க."

அவர் தலையாட்டினார். அதற்குள் என் மகள் எழுந்து எங்களிடம் வந்துவிட்டாள். அப்பாவுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தாள். விரல்களில் பசை காய்ந்திருந்தது.

"பத்தும் இருக்கின்றன, அப்பா."

அவர் அவள் கையைப் பிடித்து, கட்டைவிரலில் இருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நடுவில் அவருக்குக் கணக்குத் தப்பியது. அவள் பொறுமையாக அவரை முதலில் இருந்து எண்ணச் சொன்னாள்.